இசக்கியம்மாளை ஒரு நிமிஷத்தில் விற்பது எப்படி

டெல்லியில் நேரு பிளேஸ் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு முன்னால் மூன்று பேர் நிற்கிறோம். நான், என் தோழி முத்துலட்சுமி, அவளுடைய அம்மா இசக்கியம்மாள்.

எனக்கு இரவல் பிளேஸர். தோளில் பெரிது, கையில் குட்டை, உள்ளே யாருடையதோ பழைய சென்ட் வாசனை. முத்து தன் கண்டுபிடிப்பை ஒரு டிபன் பையில் வைத்து நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். இசக்கியம்மாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை அப்படியே தொங்குகிறது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அது. எலிவேட்டர் பிட்ச் போட்டி. அதாவது ஒரு லிஃப்டில் நீங்களும் ஒரு பெரிய முதலாளியும் தற்செயலாகச் சேர்ந்து போகிறீர்களாம். அவர் இறங்கும் மாடி வருவதற்குள், ஒரு நிமிஷத்தில், உங்கள் யோசனையைச் சொல்லி அவரை மயக்கிவிட வேண்டுமாம்.

எல்லாரும் இதை மேடையில்தான் நடத்துவார்கள். எங்கள் போட்டியை நடத்தியவர்களுக்கு மூளை கொஞ்சம் அதிகம். முதல் சுற்றை நிஜமான லிஃப்டிலேயே வைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு நடுவர், கையில் காபிக் கோப்பையோடு, காலையிலிருந்து மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

முதலாளிகளும் லிஃப்டும்

நான் வளர்ந்தது கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அங்கே மாடிப்படிதான். எதிர்ப்புறம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டியபோதுதான் லிஃப்ட் என்பது எங்கள் வட்டாரத்துக்கே வந்து சேர்ந்தது. அங்கே குடிபோனவர்கள் வீட்டுக்கு நான் பல முறை போயிருக்கிறேன். லிஃப்டில் நான் கேட்ட பேச்செல்லாம் "தண்ணி வந்துச்சா?", "தோட்டக்கார மாலி இன்னைக்கும் வரலையா?" என்கிற ரகம். ஒரு முதலாளியையும் பார்த்ததில்லை.

முதலாளிகள் நம்மோடு லிஃப்டில் வருவதில்லை என்பதை இந்தப் போட்டிகளை நடத்துகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் போட்டி நடக்காது. போட்டி நடக்காவிட்டால் பேனர் இல்லை, மெடல் இல்லை, கல்லூரி முதல்வருக்குப் பூங்கொத்து இல்லை.

பயிற்சி நாட்களில் ஒருநாள் என் அப்பா முன்னால் பேசிக் காட்டினேன். மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி. ஆனா ஆரம்பத்துல 'பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்'னு ஒண்ணு இல்லையே?" என்றார்.

"அப்பா, ஒரு நிமிஷம்தான் இருக்கு."

"ஒரு நிமிஷத்துல எவன் முடிவு எடுப்பான்? அவன் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது."

அன்று சிரித்தேன். அந்தப் போட்டியைப் பற்றி அதுவரை யாரும் சொல்லாத அளவுக்கு விவரமான பேச்சு அது என்று பிறகுதான் தோன்றியது.

குக்கரும் விளக்கும்

முத்துவும் நானும் லோதி ரோடு பக்கம் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் ஒரே பெஞ்ச். அவள் வீடு கோல் மார்க்கெட் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். வீடு அவளுடைய அம்மா பேரில். அப்பா ராணுவத்தில் இருந்ததால் எப்போதும் வேறு ஏதோ ஊரில் இருப்பார்.

இசக்கியம்மாளுக்குத் தென்காசிப் பக்கம். முத்து கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஒரு கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே காதும் போனது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு காதும் முழுக்க அடைத்துவிட்டன. கருவிகள் எதுவும் பயன்படவில்லை. அவர் வேலையை விடவில்லை. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே தமிழும் இந்தியும் புரிந்துகொள்ளப் பழகினார். ஆபீஸில் அவர் பெயர் 'இசாக்கி மேடம்'. தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் ரகசியம் பேசினாலும் அந்த பிளாக் முழுவதற்கும் கேட்கும்.

அவருக்குச் சமையலில் ஒரே சிக்கல், குக்கர். விசில் கேட்காது. அதனால் அடுப்பில் குக்கரை வைத்தால் அதன் முன்னாலேயே நிற்பார். குண்டு தூக்குகிறதா, ஆவி சீறுகிறதா என்று பார்த்துக்கொண்டே. காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்திலும், சாயங்காலம் பஸ்ஸில் நின்றே வந்த காலோடும். மே மாதத்து டெல்லி வெயிலில், காற்றுப்போக்கில்லாத அந்தச் சமையலறையில் நான் ஒரு தடவை அவரோடு நின்றேன். முகமெல்லாம் வெந்துவிட்டது போலிருந்தது. அவர் பாட்டுக்கு நின்றார்.

கொரோனா முடிந்து கல்லூரிகள் மறுபடி திறந்த சமயம். முத்து என் கல்லூரியிலேயே எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்காக ஒரு சின்னப் பெட்டி செய்தாள். ஒரு பாகம் அடுப்புக்குப் பக்கத்தில், இன்னொன்று கூடத்துச் சுவரில். விசில் அடித்தால் கூடத்தில் விளக்கு பளிச்சிடும். எத்தனையாவது விசில் என்று எண்ணாகவும் காட்டும்.

முதலில் செய்த பெட்டிக்கு விசிலுக்கும் மற்றச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெருவில் பழைய சாமான் வாங்குகிறவன் "கபாடீ..." என்று கத்தினால் அதையும் ஒரு விசிலாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும். அந்த வாரம் முழுக்க முத்து வீட்டில் அரைவேக்காட்டுப் பருப்பு. முத்து திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்து அதைச் சரிசெய்தாள்.

இசக்கியம்மாளுக்கு ஒரு சிநேகிதிக் கூட்டம் உண்டு. அவரைப் போலவே இடையில் காது போன பெண்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லோதி தோட்டத்தில் உட்கார்ந்து கையாலும் உதட்டாலும் வம்பு பேசுவார்கள். விளக்கு விஷயம் அங்கே போனதும் எல்லோரும் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். முத்துவால் வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஒன்றிரண்டுதான் செய்ய முடியும்.

அந்தச் சமயத்தில்தான் போட்டி அறிவிப்பு வந்தது. ஜெயிக்கிற அணிக்கு ஒரு வருஷம் நல்ல பட்டறையும், கூட ஒரு எஞ்சினியரின் உதவியும். முத்து என்னிடம் வந்தாள்.

"தேக், இங்க பாரு, எனக்குப் பேச வராது. நீ பேசறியா? உனக்குத்தான் இங்கிலீஷ் வரும்."

எனக்கும் கர்வம்தான். ஒப்புக்கொண்டேன்.

அழவை என்னை

எங்களுக்கு ஒரு வழிகாட்டியைக் கல்லூரி ஒதுக்கியது. பெயர் விக்ராந்த். "சார் எல்லாம் வேண்டாம், விக்ராந்த் என்று கூப்பிடுங்கள்" என்றார். முத்து கூப்பிட்டாள். அவர் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு சார்தான்.

இரண்டு கம்பெனிகள் ஆரம்பித்து இரண்டையும் மூடியவர். அதை அவர், நாம் எம்.ஏ., எம்.ஃபில். என்று சொல்வதைப் போலச் சொல்வார். பளீரென்ற வெள்ளை ஷூ. நடக்கும்போது அதன் மீது தூசி படாமல் பார்த்துக்கொள்வதிலேயே பாதிக் கவனம் போய்விடும்.

முதல் நாள் எங்கள் யோசனையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "காது கேளாதவர்களா? சின்ன மார்க்கெட். வேலைக்குப் போகிற எல்லோருக்கும் என்று மாற்றுங்கள். ஒரு ஆப் ஆக்குங்கள். விசில் அடித்தால் போனில் மெசேஜ் வரட்டும்."

முத்து யோசித்தாள். "காது கேக்கறவங்களுக்குத்தான் காது இருக்கே சார்?"

"நீ ரொம்ப நேரடியாக யோசிக்கிறாய்" என்றார் அவர். இதைவிட நல்ல பாராட்டு முத்துவுக்கு அந்தக் கல்லூரியில் கிடைத்ததில்லை. அவர் அதைக் குறையாகச் சொன்னார்.

இரண்டு வாரம் ஆப்பாக இருந்தோம். பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் முத்து, "எங்கம்மாவுக்குக் காது கேக்காது, அதனாலதான் இதச் செஞ்சேன்" என்றாள். முதல் நாளே சொன்னதுதான். அன்று அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன் அம்மாவா? இதை ஏன் என்னிடம் மறைத்தாய்?"

மறைத்தோமாம்!

"இதுதான் கதை. மேக் மி க்ரை. என்னை அழவை." கண்கள் மின்னின. "சொல்லு, அவருக்கு என்ன ஆனது?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. சில நாள் சாதம் கொழஞ்சு போச்சு."

"குக்கர் வெடிக்கவில்லையா?"

"இல்லை சார்."

"ஒரு தடவைகூட?"

"நாங்க வாஷர் மாத்திடுவோம் சார்."

அவருக்கு உண்மையிலேயே வருத்தம். பிறகு, "கை கால் ஏதாவது சுட்டுக்கொண்டாரா?" என்று நைந்த குரலில் கேட்டார். கடைசி நம்பிக்கை.

"எப்பவும் அடுப்பு முன்னாடி நின்னுட்டே இருப்பாங்க சார். கால் வலிக்கும்" என்றேன் நான்.

"கால் வலி யாருக்கு இல்லை?" என்று அதைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் என் பேச்சுத்தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'அந்த நாளில் அந்தத் தாயின் கை வெந்துபோனது.' நான் அடித்தேன். அடுத்த நாள் மறுபடி இருந்தது. மறுபடி அடித்தேன். "இது பொய் இல்லை, சாத்தியம்" என்றார். "நடந்திருக்கலாம் இல்லையா?" நடந்திருக்கலாம் என்றால் எல்லாமே நடந்திருக்கலாம். அவருடைய கம்பெனிகள்கூட நடந்திருக்கலாம்.

அந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். "சரி, அம்மாவையாவது கூட்டி வா. சும்மா நிற்கட்டும். அவரைப் பார்த்தாலே போதும்" என்றார் முத்துவிடம். இசக்கியம்மாளுக்கு நாங்கள் விஷயத்தைச் சொன்னபோது தன் விளக்கைப் பற்றித் தன்னிடமும் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். நல்ல புடவை ஒன்றை இஸ்திரி போட்டு வைத்தார்.

கதவு மூடியது

லிஃப்ட் வந்தது. நாங்கள் ஏறினோம். கதவு மூடும்போது விக்ராந்தும் ஒருக்களித்து உள்ளே வந்துவிட்டார்.

ஆரம்பித்தேன். ஆங்கிலம் என் வாயிலிருந்து தண்ணீர் மாதிரி போனது. நடுவர் காபிக் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கியம்மாள் என் உதட்டையே பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு உதட்டில் பிடிபடாது. முத்து பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அந்த வரி வரவேண்டிய இடம் வந்தது. நான் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

விக்ராந்தால் பொறுக்க முடியவில்லை. நடுவர் பக்கம் குனிந்து, "ஸர், இன்கா ஹாத் ஜல் கயா தா!" என்றார். இவருடைய கை வெந்துபோய்விட்டது சார் என்று. சொல்லிவிட்டு, இரக்கத்தோடு இசக்கியம்மாளைக் கைகாட்டினார்.

அவர் செய்த தப்பு, அதை இந்தியில் சொன்னது. இசக்கியம்மாள் அவர் உதட்டைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, இவன் என்ன சொல்லுதான்? யாருக்குக் கை வெந்துச்சு?"

அந்தச் சின்னப் பெட்டிக்குள் அந்தக் குரல் இடி மாதிரி விழுந்தது. நடுவரின் காபி அவருடைய சட்டை மேல் கொஞ்சம் சிந்தியது.

முத்து அம்மா பக்கம் திரும்பி, "உனக்காம்" என்றாள், உதட்டை நன்றாக அசைத்து.

"எனக்கா? எப்பம்?" இசக்கியம்மாள் இரண்டு கைகளையும் நடுவர் மூக்குக்கு நேரே நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினார். வளையல் குலுங்கியது. "தேக்கியே சாப். குச் நஹீ ஜலா." பிறகு, முப்பது வருஷ ஆபீஸ் இந்தியில் சொல்லிமுடித்தார். எதுவும் வேகவில்லை. அடுப்பு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. தினமும் இரண்டு வேளை, இத்தனை வருஷம். இப்போது பெண் விளக்கு செய்து கொடுத்திருக்கிறாள். உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

மேல்மாடி வந்துவிட்டது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் நடுவர் கைதட்டினார்! காபிக் கறையோடு, காலையிலிருந்து இல்லாத ரத்தம் முகத்தில் ஏற, "பிரமாதம்! என்ன நடிப்பு! ஒருவர் பொய் சொல்ல, அம்மா குறுக்கே வந்து மறுக்கிறார். யார் எழுதியது இது?" என்றார்.

விக்ராந்த் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "டீம் எஃபர்ட் சார்" என்றார்.

இன்னொரு தடவை

இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டோம். அது மறுநாள் மேடையில். கீழே இறங்கியதும் விக்ராந்த் எங்களைச் சுவர் ஓரமாகக் கூட்டிப் போனார். மூச்சு வாங்கியது அவருக்கு. "நாளைக்கு இதையே செய்கிறோம். அப்படியே. நான் சொல்வேன், ஆன்ட்டி கோபப்படுவார். கையை இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திருப்பினால் கேமராவுக்கு நன்றாக இருக்கும்."

இசக்கியம்மாள் எங்கள் எல்லோர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவாம்?"

"நாளைக்கும் வரணுமாம்மா. இன்னைக்குப் பேசின மாதிரியே பேசணுமாம். கோவமா."

"எனக்கு நாளைக்குக் கோவம் இருக்காதுட்டி."

"இருக்கற மாதிரி பண்ணணுமாம்."

"எதுக்கு என் கைய வேக வச்சான் இவன்?"

முத்து தரையைப் பார்த்தாள். அம்மாவிடம் பேசும்போது அவள் ஒருபோதும் அப்படிச் செய்யமாட்டாள், உதடு தெரியாதே. பிறகு நிமிர்ந்து, "அவங்க அழணுமாம். அழுதாத்தான் பட்டறை குடுப்பாங்களாம்" என்றாள்.

"வெளக்கப் பாத்து எதுக்குட்டி அழணும்?"

இசக்கியம்மாள் அடையாள அட்டையைத் திருப்பி நேராக்கிக்கொண்டார். மத்தியானம் ஆபீஸ் இருக்கிறது, ஜல்தி போகணும் என்றார். போவதற்கு முன் விக்ராந்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முத்துவிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "வெளக்கு எரியுதுல்லா? அதச் சொல்லு. அதுக்கு மேல நான் எதுக்கு?"

முத்துவும் நானும் மெட்ரோவில் திரும்பினோம். ஐ.என்.ஏ. நிலையத்தில் நான் இறங்கப் போகும்போது அவள் என் கையைப் பிடித்தாள். "நாளைக்கு நானே பேசறேன். நீ பக்கத்துல நில்லு."

மேடையில்

இறுதிச் சுற்றில் எங்களுக்கு முன்னால் ஒரு பையன். நாய்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற ஆப். இறந்துபோன தன் நாயைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு அம்மையார் கைக்குட்டையை எடுத்தார். பிற்பாடு டீக்கடையில் அவனிடம், என்ன ஜாதி நாய் என்று விசாரித்தேன். அவர்கள் ஃப்ளாட்டில் நாய் வளர்க்க அனுமதி இல்லையாம்.

முத்து மைக்கைப் பிடித்தாள். உடைந்த ஆங்கிலத்தில் அவள் சொன்னதன் சாரம் இதுதான்.

"என் அம்மாவுக்குக் காது கேட்காது. குக்கர் விசில் கேட்காததால் அடுப்பு முன்னாலேயே நிற்பார். இந்த விளக்கு வந்த பிறகு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் நிறையப் பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் செய்ய வேண்டும்."

அவ்வளவுதான். மீதி நேரம் அவள் சும்மா நின்றாள். மேடைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அரங்கமே நெளிந்தது. விக்ராந்த் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு மட்டும் அந்த மௌனம் நீளட்டும் என்றிருந்தது.

லிஃப்டில் வந்த நடுவர் மைக்கை எடுத்தார். "அந்த அம்மா எங்கே?"

"ஆபீஸ்ல இருக்காங்க சார். இன்னைக்கு லீவு இல்ல."

"ஓ." அவர் முகத்திலிருந்து நேற்றைய ரத்தம் இறங்கியது. "ஆக, இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

நாய்ப் பையன் ஜெயித்தான். பட்டறையில் அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழ். அதில் முத்துவின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். விக்ராந்த் வாசலில் நிறுத்தி, "கையில் தங்கம் இருந்தது, தூக்கி எறிந்துவிட்டீர்கள்" என்றார். முத்து, "தங்கம் இல்ல சார், எங்கம்மா" என்றாள்.

விளக்குகள் பின்னால் வரத்தான் செய்தன. முத்து வேலைக்குப் போன பிறகு, விடுமுறை நாட்களில் ஒவ்வொன்றாகச் செய்தாள். லோதி தோட்டத்துப் பெண்கள் இரக்கமே இல்லாத வாடிக்கையாளர்கள். கண் கூசுகிறது, பெட்டி அசிங்கமாக இருக்கிறது, பச்சை வேண்டாம், மஞ்சள் போடு என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புகார். ஒருவர்கூட அழவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது போட்டி முடிந்த அன்று சாயங்காலம்தான். இருவரும் கோல் மார்க்கெட் போனோம். இசக்கியம்மாள் ஆபீஸிலிருந்து வந்து, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குதிகால் வெடிப்பில் ஏதோ களிம்பு. சமையலறையில் குக்கர் சீறியது. சுவரில் விளக்கு பளிச்சென்றது. அவர் ஒரு கண்ணால் எண்ணைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஜெயிச்சியளாட்டி?"

முத்து எதிரே போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "இல்லம்மா."

"என்ன சொன்னாவ?"

"இவ்வளவுதானான்னு கேட்டாங்க."

இசக்கியம்மாள் களிம்பு விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பிறகு, கோல் மார்க்கெட் முழுவதற்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"அவனுவ வீட்டுல யாருட்டி சமைக்கா?"